வேலுச்சாமி அங்கிள் கேட்ட காப்பி

வேலுச்சாமி அங்கிள் இறந்துவிட்டார். இன்று மாலை பட்டறையில் நெஞ்சு வலி... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

போசரியில் லேத் பட்டறை வைத்திருந்த கோயம்புத்தூர்க்காரர். புனேயில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளில் வருடத்துக்கு ஒருவருக்குப் பணம் கொடுப்பார். இன்று எல்லோரும் இந்தப் பக்கத்தில் அவர் கட்டிய இன்ஜினியரிங் ஃபீஸ் பற்றி எழுதுகிறீர்கள். நான் அவரிடம் பணம் வாங்கியதில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கீபோர்டு சத்தம் கேட்காமல் மெதுவாக டைப் செய்கிறேன். அப்பாவுக்கு இந்தப் பக்கம் தெரியாது. படிப்பவர்கள் தயவுசெய்து வீட்டுக்குப் போன் செய்யாதீர்கள்... நாளை வரைக்குமாவது.

எங்கள் மாடியில் குடியிருந்த ரேவதி அக்கா எம்.ஏ. சைக்காலஜி படித்தாள். அவள் ஆய்வுக்கு எடுத்த விஷயம் டிஸ்ஸோஸியேஷன். இங்கேயே உட்கார்ந்திருப்போம், ஆனால் நாம் இங்கே இருக்க மாட்டோம். நம் கையே வேறு யாருடைய கையோ போலத் தெரியும்.

அவள் சொன்னபோதுதான் அதற்கு ஒரு பெயர் இருப்பதே தெரிந்தது. எனக்கு அது எட்டாம் வகுப்பிலிருந்தே வருகிறது. அம்மா அதற்கு வைத்திருக்கும் பெயர் திமிர். "கூப்பிட்டா காதுல விழலையாடி? நடிப்பு!"

அக்காவிடம் மட்டும் சொன்னேன். "உங்கப்பா கையெழுத்து இல்லாம என் ஸ்டடியில உன்னைச் சேர்க்க முடியாதுடி. அதை விடு, நீ டாக்டரைப் பார்க்கணும். அதுக்கும் அப்பாகிட்ட சொல்லித்தான் ஆகணும்" என்றாள்.

என்னால் முடியவில்லை. ஊரில் என் சித்தி பெண்ணுக்கு இப்படித்தான் ஏதோ வந்தது. பள்ளிக்கூடத்தை நிறுத்தி, மந்திரிக்கக் கூட்டிப் போய், இப்போது வீட்டோடு இருக்கிறாள்.

அக்காவின் ஆய்வுக்குப் பணம் கொடுக்க யாரும் இல்லை. அங்கிளிடம் கேட்கப் போனபோது துணைக்கு என்னையும் கூட்டிப் போனாள்.

"அப்படி ஒரு சீக்கு நெசமாலுமே இருக்குதுங்களா அம்மிணி? எங்க தொழில்ல சாம்பிள் பீஸ் பாக்காம ஆர்டர் எடுக்கறதில்லீங். ஒருத்தரைக் கூட்டியாந்து காட்டு, பாக்கலாம்."

"மனுஷங்களை சாம்பிளா காட்ட முடியாது அங்கிள். பணம் இல்லைன்னாலும் பரவாயில்லை" என்றாள் அக்கா. பட்டென்று சொல்லிவிட்டாள்.

வெளியே லேத் ஓடும் சத்தம். என் கையில் டீ. அதற்குப் பிறகு... நான் அங்கே இல்லை.

திரும்பி வந்தபோது டீ முழுவதும் என் பாவாடையில். தொடை எரிந்தது. லேத் சத்தம் நின்றிருந்தது. அங்கிளே போய் மெஷினை நிறுத்திவிட்டு, "டேய், எல்லாரும் வெளிய போய் டீ குடிச்சுட்டு வாங்கடா" என்று ஆட்களை அனுப்பியிருக்கிறார். என் மடியில் அவருடைய ஈரத் துண்டு.

என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவைப் பார்த்து, "சாம்பிளெல்லாம் வேண்டாங் கண்ணு. செக் எழுதித் தர்றேன், போய் நல்லாப் பண்ணு" என்றார்.

அதன் பிறகு கோவிலில் அவர் அப்பாவிடம் பேசுவதைப் பார்த்தால் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றுகொள்வேன். இன்றைக்குச் சொல்லிவிடுவார் என்று நினைப்பேன். அவர் சொல்லவே இல்லை.

ஒருநாள் பொங்கல் வாங்கும் வரிசையில் பின்னால் நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னார். "அப்பாகிட்டச் சொல்லோணும்னு தோணுச்சுன்னா சொல்லு கண்ணு. நான் ஊட்டுக்கு வந்து பக்கத்துல உக்காந்துக்கறேன். பேசறது நீதான். நான் சும்மா காப்பி குடிச்சுட்டு இருப்பேன்."

பரீட்சை முடியட்டும் அங்கிள் என்றேன். அப்புறம் தீபாவளி முடியட்டும் என்றேன். ஒவ்வொரு முறையும் "செரி" என்பார், அவ்வளவுதான்.

ஆய்வு முடிந்ததும் அக்கா அதை அட்டை போட்டு அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். இங்கிலீஷ் படிக்க வராது அவருக்கு. பட்டறையில் பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்திருந்தார், எண்ணெய்க் கறை படாமல் பாலிதீன் சுற்றி.

போன வாரம் கோவிலில் பார்த்தேன். அப்பா என் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"காப்பி எப்பக் கண்ணு?" என்று கேட்டார்.

அப்பா சிரித்தார். "என்ன சார் இது, அவகிட்டப் போய்க் கேட்டுக்கிட்டு! நம்ம வீடு, எப்ப வேணும்னாலும் வாங்க."

"அம்மிணி கூப்பிட்டாத்தாங்க வருவேன்" என்றார் அங்கிள்.

நான் கூப்பிடவில்லை.

காலையில் அப்பாவும் நானும் அங்கிளைக் கடைசியாகப் பார்க்கப் போசரிக்குப் போகிறோம். எங்கள் ஹடப்சரிலிருந்து பஸ். ஜன்னல் சீட்டை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காரப் போகிறேன். முதல் வார்த்தை என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

போய் வாருங்கள் அங்கிள். அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.