குடையில்லாத தவளை

எங்கள் தெருமுனைப் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பவரை அந்த வட்டாரமே ஊசியக்கா என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தது. போன குளிர்காலத்தோடு அந்தப் பெயர் போய்விட்டது. இப்போது அவர் தவளையக்கா.

நான் மாதம் தவறாமல் அங்கே போகிறவன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். அளவு சரியா என்று மாதாமாதம் பார்த்தாக வேண்டும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வேறொரு இடத்தில், ஊசியின் உறையைப் பிரித்ததுமே நாற்காலியோடு சரிந்திருக்கிறேன். படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்பதற்கே நெஞ்சு படபடக்கும் ஆள் நான். அப்படிப்பட்டவன் இந்தக் கூடத்துக்கு மட்டும் வீட்டிலிருந்து நடந்தே, நிதானமாகப் போகிறேன் என்றால் அதற்கு அந்த அம்மாள்தான் காரணம்.

"வலிக்காது" என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. "வலிக்கும். மூணு எண்ணுற நேரம். நீங்களே எண்ணுங்க" என்பார். எண்ணி முடிப்பதற்குள் பஞ்சு வைத்திருப்பார். ரப்பர் பட்டையைக் கட்டியதும் முழங்கை மடிப்பில் விரல் நுனியை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். கையைப் பார்க்கவே மாட்டார். ஒருநாள் கேட்டேன். "கண்ணு ஏமாத்தும் தம்பி. பச்சையா பெருசாத் தெரியறது ஒண்ணுக்கும் உதவாது. உள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருக்கிறதுதான் நல்ல நரம்பு. அதைத் தொட்டுத்தான் பிடிக்கணும்" என்றார். பத்தொன்பது வருடமாக இதே வேலை. தப்பித்தவறி யாரையாவது இரண்டு முறை குத்த நேர்ந்தால் அவர்கள் முகத்தை மறக்க மாட்டார். அடுத்த முறை வரும்போது, "போன தடவை இடது கையை நோகடிச்சுட்டேன், இன்னிக்கு வலது கையைக் குடுங்க" என்பார். வந்தவருக்கே அது மறந்துபோயிருக்கும்.

அவருடைய உடைகளும் அவரைப் போலவே சிக்கனம். சாம்பல், கருநீலம், இவற்றை விட்டால் வேறு நிறம் கிடையாது. அவரிடம் போய்ச் சேர்ந்ததுதான் அந்த ஸ்வெட்டர்.

ஆண்டுக் கடைசி விடுமுறையில் கணவர் வீட்டார் எல்லோரும் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் பரிசு கொடுத்துக்கொள்வார்களாம். கணவரின் அக்கா, அதாவது நாத்தனார், தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பள்ளியிலிருந்துதான். அதிகாரம் இன்னும் பணியில் இருக்கிறது. பின்னல் ஊசியும் நூல் பையும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவர் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே கடுகு மஞ்சளில் ஒரு ஸ்வெட்டர். அதன் மேல் வரிசை வரிசையாகப் பச்சைத் தவளைகள். ஒவ்வொரு தவளையும் பின்னங்காலில் நின்றுகொண்டு சிவப்புக் குடை பிடித்திருந்தது.

"எப்படி இருக்கு?"

"கலர்... நல்லா எடுப்பா இருக்கு அண்ணி."

"மூணு மாசம் பின்னினேன். கழுத்து பிடிச்சுக்கிச்சு. பெட்டியில பூட்டி வைக்கிற வேலையெல்லாம் வேணாம், சொல்லிட்டேன்."

"இனிமே மழைக்கு உனக்குத் தனியாக் குடை வேணாம்" என்று கணவர் நடுவில் புகுந்து, இரண்டு பக்கமும் முறைப்பு வாங்கினாராம்.

அன்றைக்கு அதைப் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்ததோடு சரி. பெட்டியில்தான் பூட்டி வைத்தார். பிறகு ஒரு வாரம் கூடத்தில் வெப்பக் கருவி பழுதாகி, உள்ளே பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. கையில் கிடைத்ததைப் பையில் திணித்துக்கொண்டு வந்தார். கிடைத்தது அதுதான். "நோயாளிங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க, நடுங்குற கையால குத்த முடியாது" என்று போட்டுக்கொண்டார். அன்று முதலில் வந்தவன் ஐந்து வயதுப் பையன். வாசலிலிருந்தே அலறிக்கொண்டு வந்தவன், தவளையைப் பார்த்ததும் வாயைத் திறந்தபடியே நிறுத்திவிட்டானாம்.

"இதுல ஒரு தவளைகிட்ட மட்டும் குடை இல்ல. எதுன்னு கண்டுபிடி பார்க்கலாம்."

அவன் தேடினான். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். ரத்தம் குப்பிக்குள் போய் மூடியும் போட்டாயிற்று. "இல்லியே, எல்லார்கிட்டயும் குடை இருக்கே!" என்றான். அக்கா குப்பியைத் தாங்கியில் வைக்கத் திரும்பினார். முதுகின் நடுவே, கூந்தல் விழும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு தவளை வெறுங்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

அதன் பிறகு அந்த ஸ்வெட்டர் கூடத்தின் சொத்தாகிவிட்டது. பெரியவர்களும் தேடினார்கள், நான் மூன்று மாதம் தேடியிருக்கிறேன், பதில் தெரிந்த பிறகும். தவளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஊசியைப் பார்க்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அதை வெந்நீரில் அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, வெப்பக் கருவியின் முன்னால் விரித்துக் காயவைப்பார். துவைக்காத துணி ஊசி அறைக்குள் வரக் கூடாது என்பது அவர் தமக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

வெளியிலிருந்து வந்த சட்டம் வேறு. சுகாதார மேற்பார்வையாளர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, போடுவதாக இருந்தால் போடலாம், ஆனால் முழங்கைக்குக் கீழே ஒரு இழை துணிகூட இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மடித்துவிட்டால் வேலை நடுவில் இறங்குகிறது. அக்கா கத்தரிக்கோலை எடுத்து வைத்தார். "மூணு நாள் மேசை மேலயே கிடந்துச்சு தம்பி. சாப்பிடும்போது அது என்னைப் பார்க்குது, நான் அதைப் பார்க்கிறேன். நாலாவது நாள் கண்ணை மூடிக்கிட்டு வெட்டிட்டேன்" என்றார். வெட்டிய விளிம்பு பிரியாமலிருக்க வெள்ளை நூலால் கோணல்மாணலாகச் சுற்றித் தைத்தார். ரத்தம் எடுக்கிற விரலுக்கு இந்த ஊசி பிடிபடவில்லை. வெட்டிய இரண்டு கைகளையும் வீணாக்காமல் இரண்டு வெந்நீர்ப் பைகளுக்கு உறை செய்தார். கை சில்லிட்டு வருகிறவர்கள் மடியில் ஐந்து நிமிடம் வைத்திருந்தால் நரம்பு மேலே வரும்.

நாத்தனாருக்கு மட்டும் இது தெரியாது. அவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஸ்வெட்டர் "துவைக்கப் போட்டிருக்கு". அது பொய் இல்லை என்பதுதான் அக்காவின் ஒரே ஆறுதல்.

அப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை காலையில் நான் நாற்காலியில் கையை நீட்டிக்கொண்டிருந்தபோது திரைக்கு வெளியே ஒரு கணீர்க் குரல் கேட்டது. "என் தம்பி பொண்டாட்டி இங்கதான் வேலை பார்க்குறா. கூப்பிடுங்க."

அக்காவின் கை ஒரு நொடி நின்றது. நல்லவேளை, ஊசி அப்போது என் கையில் இல்லை.

பதிவு மேசையில் இருப்பவரை நாங்கள் டோக்கன்காரர் என்போம். அவர் திரையை விலக்கித் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். "உங்க நாத்தனார். வியாழக்கிழமை பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷனாம். சீட்டுல இருக்கு. இன்னிக்கு ரத்தம் குடுக்கலைன்னா தேதி போயிடும். ஏற்கனவே ரெண்டு தேதி போயிடுச்சாம். ரெண்டு இடத்துல நாற்காலியில உட்கார்ந்துட்டு எழுந்து ஓடி வந்திருக்காங்க."

"ஊசின்னா அவங்களுக்கு உசுரு போயிடும்" என்றார் அக்கா. "எங்க வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பாரு, நாள் பூரா ரெண்டு ஊசியைக் கையில வச்சுக்கிட்டு மூணாவது ஊசிக்கு பயப்படுறியேன்னு."

"கழட்டி பீரோவுல வச்சிடுங்க. நான் மூச்சு விட மாட்டேன். இந்தத் தம்பியும் விட மாட்டாரு." என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அக்கா ஸ்வெட்டரைத் தலைவழியாகப் பாதி தூக்கிவிட்டார். திரையின் இடுக்கில் நாத்தனார் தெரிந்தார். பஸ்ஸில் ஒரு மணி நேரம் வந்த குளிர், அதோடு பயம். நிமிர்ந்துதான் நின்றிருந்தார், ஆனால் விரல் நகங்கள் நீலம் பாய்ந்திருந்தன. நூல் பையை மார்போடு அணைத்திருந்தார்.

அக்கா ஸ்வெட்டரை மறுபடி கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வெந்நீர்ப் பையைக் கொண்டுபோய் அவங்க மடியில வைங்க" என்றார் டோக்கன்காரரிடம்.

"உறையோடயா?"

"உறை இல்லாம வச்சா சுடும்."

"பார்த்துட்டா?"

"பார்க்கட்டும். அந்தக் கை சூடாகலைன்னா நரம்பு கிடைக்காது. கிடைக்கலைன்னா மறுபடி ஓடிடுவாங்க. கல்லு அங்கயேதான் இருக்கும்."

என் வேலை முடிந்து, பஞ்சை அமுக்கியபடி வெளியே வந்து நாத்தனாருக்கு எதிரே உட்கார்ந்தேன். டோக்கன்காரர் வெந்நீர்ப் பையை ஏதோ வெடிப் பொருளைப் போல அவர் மடியில் வைத்துவிட்டு நகர்ந்தார். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு அதை இறுக்கிப் பிடித்தார். விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக இளகின. பின்னுகிறவரின் விரல் அல்லவா, சும்மா இருக்குமா? உறையின் மேல் ஊர்ந்தது. ஒரு இடத்தில் நின்றது. திரும்ப ஊர்ந்தது. கண்ணைத் திறந்தார்.

"இது என் கை" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"நான் பின்னின கை இது! யாரு வெட்டினது?"

யாரும் கூப்பிடாமலே எழுந்து, பையோடு திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். அங்கே முழங்கையோடு நின்றுபோன ஸ்வெட்டரில் அக்கா நின்றிருந்தார்.

"ஆமா அண்ணி, நான்தான் வெட்டினேன். உட்காருங்க."

"மூணு மாசம்டி! ஒவ்வொரு குடைக்கும் தனித்தனியா நூல் மாத்தி..."

"திட்டுங்க. எவ்வளவு வேணாலும் திட்டுங்க. இடது கையை மட்டும் இப்படி நீட்டி வச்சுக்கிட்டுத் திட்டுங்க."

"அன்னிக்குப் போட்டுப் படம் எடுத்தப்ப எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? வீட்டுக்கு வந்தா துவைக்கப் போட்டிருக்கு, துவைக்கப் போட்டிருக்குன்னு... நானும் நம்பினேனே! சரி, வெட்டினதுதான் வெட்டின, விளிம்பை இப்படியா தைக்கிறது? இது தையலா? சாக்கு மூட்டைகூட இதைவிட ஒழுங்கா இருக்கும். இழுத்தா மொத்தமா உருவிடும். இந்தப் பக்கம் பாரு, பின்னல்ல ஏற்கனவே ரெண்டு கண்ணி பிரிஞ்சு ஓடிப்போச்சு..."

"முடிஞ்சுது அண்ணி."

"என்ன முடிஞ்சுது? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!"

ரத்தம் நிரம்பிய மூன்று குப்பிகளையும் அப்போதுதான் பார்த்திருப்பார் போலிருக்கிறது. முழங்கை மடிப்பில் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததையும்.

"எப்ப குத்தின?" குரல் இறங்கியிருந்தது.

"சாக்கு மூட்டைன்னு சொன்னீங்களே, அப்ப."

வெளியே வந்தபோது நாத்தனாரின் கையில் அந்த ஸ்வெட்டர் இருந்தது. கழற்றி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்து, நூல் பையைத் திறந்து, வெள்ளைத் தையலைப் பல்லைக் கடித்துக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தார். கடுகு நிறம் பையில் இல்லை, நீலம்தான் இருந்தது. "இருக்கிறதை வச்சு விளிம்பு கட்டுறேன். மானம் போகுது" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். நான் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

"ஏன் தம்பி, இதை எதுக்கு இவ இங்க போடுறா? வீட்டுல போடக் கூடாதா?"

குடையில்லாத தவளை விளையாட்டைச் சொன்னேன். அவர் கை நின்றுவிட்டது. முகம் சிவந்தது.

"அது எல்லாருக்கும் தெரியுமா?"

"இங்க வர்றவங்க எல்லாருக்கும் தெரியும்மா."

"சிவப்பு நூல் தீர்ந்துபோச்சு. கடையில அதே சாயம் கிடைக்கல. முதுகுப் பக்கம்தானே, கூந்தல்ல மறைஞ்சிடும்னு விட்டேன். முப்பது வருஷமாப் பின்னுறேன், நான் விட்ட ஒரே தப்பு. அதை ஊரைக் கூட்டிக் காட்டியிருக்கா!"

அப்போதுதான் ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு அவள் அப்பா உள்ளே போனார். திரை மூடியது. "தவளை எங்க? தவளை ஆன்ட்டி எங்க?" என்று கேட்டது குழந்தை. "நான்தாண்டா ஆன்ட்டி" என்றார் அக்கா. கருநீலச் சட்டையை அது நம்பவில்லை. அழுகை கட்டடத்தையே தூக்கியது. அப்பா வெளியே கொண்டுவந்து தண்ணீர் கொடுத்தார், ஜன்னலைக் காட்டினார், மறுபடி உள்ளே போனார். மறுபடி அலறல்.

நாத்தனாரின் ஊசிகள் வேகம் பிடித்தன. அப்படியொரு வேகத்தை நான் கண்டதில்லை. கண்ணிகள் எண்ணுவதற்குள் ஏறின. குழந்தை மூன்றாவது முறை வெளியே வந்து விக்கிக்கொண்டிருந்தபோது ஒரு கைக்கு நீல விளிம்பு முடிந்திருந்தது. மறு கை பிரித்தபடி கிடந்தது. அதன் கண்ணிகளை ஒரு நூலில் கோத்து முடிச்சிட்டு, ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இந்தா, போட்டுக்க. ஒரு கைதான் ஆச்சு. இன்னொண்ணு அப்புறம்."

"அண்ணி, நீங்க..."

"போடுடி. பாப்பா அழுவுது."

அக்கா போட்டுக்கொண்டார். குழந்தை விக்கலோடு நாற்காலியில் ஏறியது. ரப்பர் பட்டை கட்டியாயிற்று. அக்கா ஜன்னலைப் பார்த்தார்.

"குடை இல்லாத தவளை எதுன்னு கண்டுபிடி பார்க்கலாம்."

"இதுவா? இல்ல... இதுவா?" குழந்தையின் குரல் தேய்ந்தது. "இல்லவே இல்லியே. பொய்யி."

திரைக்குள் பாதி, வெளியே பாதியாக நின்றிருந்தார் நாத்தனார். தம் கையிலிருந்த பிளாஸ்திரியை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தார். ஊசி உறையிலிருந்து வெளியே வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் குரலை மட்டும் உள்ளே அனுப்பினார், வகுப்பறைக்கு அனுப்புவதைப் போல:

"முன்னாடிதான் எங்கயோ இருக்கு பாப்பா. நல்லாத் தேடு."