அப்பாவுக்குக் கேட்கும் சைலன்சர்

புதிய கார் வந்த இரண்டாம் மாதத்தில் ஒரு காலைப்பொழுது, அதை என் தந்தையின்மேல் ஏற்றிவிட இருந்தேன்.

ராஜபாளையத்தில் எங்கள் தெரு மிகவும் குறுகியது. வண்டியைப் பின்புறமாகவே வெளியே எடுக்க முடியும். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள அலுவலகத்துக்குப் புறப்படும்போது இரும்புக் கதவைத் திறந்துவிடுவது அப்பாவின் வேலை. நூற்பாலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவருக்கு, நாளின் முதல் வேலையாகவும் ஒரே வேலையாகவும் அது அமைந்திருந்தது. பழைய டீசல் கார் உறுமத் தொடங்கியதும் அவர் ஒதுங்குவார். நான் வெளியேறியதும் கதவைச் சாத்துவார். புதிய கார் பெட்ரோலில் ஓடுவது. அதற்கு ஓசையே இல்லை. அன்று அவர் தரையில் பதிந்திருந்த தாழைத் தூக்கக் குனிந்திருக்கிறார். நான் கண்ணாடியில் பார்த்தேன். கதவு மட்டுமே தெரிந்தது. தடை இருந்தால் கூவும் கருவி கூவியது. அது அந்தக் கதவைக் கண்டு நாள்தோறும் கூவுவதுதான் என்பதால் நான் பொருட்படுத்தவில்லை. அம்மாவின் அலறல் கேட்டு நிறுத்தியபோது வண்டி அவர் வேட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்ட பிறகே அவர் திரும்பிப் பார்த்தார். அவர் காது அவ்வளவு மங்கியிருந்தது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மறுநாள் அவருக்கு முன்பே எழுந்து நானே கதவைத் திறந்து வைத்தேன். மாலையில் நான் திரும்பியபோது அவருடைய காலை உணவு தட்டிலேயே காய்ந்து கிடந்தது.

"கதவு தொறக்கக்கூட ஆவாதவனா ஆயிட்டேன்னா, அதை வாயைத் தொறந்து சொல்லுட்டி," என்றார்.

வேலையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, வண்டியின் ஒலிப்பானை அடித்துப் பார்த்தேன். திடுக்கிட்டுச் சாக்கடைக்குள் ஒரு காலை விட்டார். காதுக்கருவி வாங்கித் தந்தேன். "மில்லை மறுபடி காதுக்குள்ள ஓட்டுதிய," என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆனால் காது மருத்துவர் சொன்ன ஒன்று என் மனத்தில் தங்கியிருந்தது. ஆலை இரைச்சல் தின்றது கூரிய ஓசைகளை மட்டுமே. தாழ்ந்த, கனத்த ஓசைகள் அப்பாவுக்கு இன்னும் ஓரளவு கேட்கும் என்றார் அவர். புதிய வண்டிக்குப் பழைய வண்டியின் குரலைக் கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. கொடுக்க முடியாவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: அவர் வேலையை நான் பறிக்க வேண்டும், அல்லது ஒருநாள் அம்மா அலறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே, சைலன்சர் மாற்றிக் கொடுக்கும் ஒரு பட்டறைக்கு ஞாயிறன்று அப்பாவையும் அழைத்துச் சென்றேன். பட்டறைக்காரர் நடுத்தர வயதினர். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஊருல உள்ள பயலுவ எல்லாம் பொம்பளைப் பிள்ளைய திரும்பிப் பாக்கணும்னு சத்தத்தைக் கூட்ட வாரானுவ. நீங்க அப்பா திரும்பிப் பாக்கணும்னு வாரிய."

முன்பகுதியில் புகையைத் துப்புரவு செய்யும் பாகத்தில் கை வைக்க மாட்டேன் என்றும், சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் சத்தம் வைக்க மாட்டேன் என்றும் முதலிலேயே சொல்லிவிட்டார். பின்னர் இரண்டு சைலன்சர்களை எடுத்து வைத்தார். ஒன்று மெலிந்த உருளை. உள்ளே நேர்க்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு. மற்றது அகன்று கனத்தது. உள்ளே தடுப்புகள் வைத்த அறைகள். மெலிந்ததை முதலில் பூட்டினார்.

அப்பா வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளி, முதுகைக் காட்டி நிற்க வேண்டும். ஓசை கேட்டால் கையை உயர்த்த வேண்டும். இதுவே ஏற்பாடு. நான் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, நினைத்த நேரத்தில் என்ஜினை இயக்கினேன். சாவியைத் திருப்பிய நொடியில் அவர் கை உயர்ந்தது. நிறுத்திவிட்டு மீண்டும் இயக்கினேன், மீண்டும் உயர்ந்தது. என் கண்கள் நிறைந்துவிட்டன.

"இதுவே போதும்," என்றேன்.

பட்டறைக்காரர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "செத்த இருங்கக்கா. கம்பெனிக்காரன் போட்ட பழசையே மாட்டி ஒருக்கா பாப்போம்."

சுட்ட குழாயின்மேல் ஈரச்சாக்கைச் சுற்றிக் கழற்றி, பழையதை மாட்டினார். இயக்கினேன். எனக்கே ஓசை கேட்கவில்லை. முன்பலகையில் முள் நகர்ந்ததைக் கண்டே என்ஜின் ஓடுவதை அறிந்தேன். அப்பாவின் கை மிடுக்காக உயர்ந்தது.

அவரைக் கொல்லப் பார்த்த வண்டி இதே சைலன்சரோடுதான் ஓடியது. இறங்கி அவரிடம் சென்றேன். பட்டறையில் வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்க ஒரு குழி உண்டு. அதை நீண்ட இரும்புத் தகடுகளால் மூடியிருந்தார்கள். தகடுகளின் ஒரு முனையில் காரின் பின்சக்கரங்கள்; மறுமுனையில் அப்பா. அவருடைய செருப்புகள் ஓரமாக, ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன.

"அப்பா, நீங்க காதால கேக்கலை," என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

"காலு கேட்டா கேட்டது இல்லையாக்கும்? மில்லு செட்டுக்குள்ள இருவது மிசினு ஓடும். எது நின்னாலும் தரை அதிர்வை வச்சு எங்களுக்குக் காலுதான் சொல்லும். எவன் காதை வச்சு வேலை பாத்தான்?"

"நம்ம தெருவுல இரும்புத் தகடா போட்டிருக்கு?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். ஏமாற்றிவிட்டாரே என்று எழுந்த சினம் அதைக் கண்டதும் அச்சமாக மாறியது. தமக்குக் கேட்காது என்பதை அவர் எங்களுக்கு முன்பே அறிந்திருந்தார்.

பட்டறைக்குப் பக்கத்தில் இருந்த மண்தரைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். அப்பா செருப்புக் காலோடு சுவரைப் பார்த்து நின்றார். பழைய சைலன்சர்: அசைவில்லை. மெலிந்ததை மாட்டி இயக்கியதும் அதன் கரகரத்த இரைச்சல் அடுத்த கடைக்காரரை வெளியே இழுத்து வந்தது. பட்டறைக்காரரின் ஒலி அளவுமானி அனுமதியின் விளிம்பைக் காட்டியது. அப்பா சுவரிலிருந்த விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

இதற்கு மேல் ஓசையைக் கூட்டச் சட்டம் இடம் தராது. மீதம் இருந்ததோ அகன்று கனத்த அந்த ஒன்றே. பட்டறைக்காரர் வேடிக்கைப் பேச்சை நிறுத்திவிட்டு அதை மாட்டினார்.

இயக்கினேன். கனத்த ஓர் உறுமல் அடங்கி எழுந்தது. அளவுமானியில் முன்னதைவிடக் குறைவு. அப்பா அசையவில்லை. ஐந்து வரை எண்ணினேன். பத்து வரை எண்ணினேன். பட்டறைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சாவியில் கை வைத்தேன்.

அப்பா திடீரென்று சுவரைப் பார்த்தபடியே கத்தினார்: "ஏலே, யாருலே அது குறுக்க டீசல் வண்டியைக் கொண்டாந்து நிப்பாட்டுனது? எம் மக வண்டியை எடுக்கணும்லா?"

பட்டறைக்காரர் கையிலிருந்த ஈரச்சாக்கை மேலே வீசினார். "ஐயா, அது ஒங்க மக வண்டிதான்யா!"

அப்பா திரும்பினார். எங்கள் இருவரையும் பார்த்தார்; வண்டியைச் சுற்றி வந்தார்; பின்புறக் குழாய்க்கு அருகே செவியைச் சாய்த்து நெடுநேரம் நின்றார். "கையைத் தூக்க மறந்துட்டேன்," என்றார்.

அவருக்குக் கேட்டதற்கு அதைவிட உறுதியான சான்றை நான் எதிர்பார்த்திருக்க முடியாது. ஆயினும் அன்று ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தவள் நான். பத்து எண்ணும் நேரம் அவருக்கு ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வியும் வீடு வரை கூடவே வந்தது.

மறுநாள் காலை அப்பா இரும்புக் கதவைத் திறந்து, அது சாத்திக்கொள்ளாதபடி தரைத்தாழை இறக்க, முதுகைக் காட்டிக் குனிந்தார். கதவுக்கு அப்பால் அவர் தலை மறைந்தது. அம்மா வாசற்படியில் நின்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். என்ஜினை இயக்கினேன். பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. எண்ணத் தொடங்கினேன். ஏழில் அவர் நிமிர்ந்தார். திரும்பாமலே ஓரமாக நகர்ந்து, வலக்கையை உயர்த்தி இரண்டு விரல்களை அசைத்தார். ஆலை இரைச்சலில் பேச்சுக்குப் பதிலாக அவர்கள் காட்டிய சைகை அது. 'ஓட்டு' என்று பொருள்.

நான் ஓட்டவில்லை. இறங்கிச் சென்று அவர் கால்களைப் பார்த்தேன். இரண்டிலும் செருப்பு இருந்தது.

"என்னட்டி காலைப் பாக்க? ஆபிசுக்கு நேரமாவலையா?" என்றார்.

வண்டியில் ஏறினேன். அன்று முதல் புறப்படுமுன் பத்து வரை எண்ணுகிறேன். அவர் பெரும்பாலும் ஏழிலேயே ஒதுங்கிவிடுகிறார்.