டோன் அக்காவின் முதல் கையெழுத்து

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. வேலை நடக்கும் இடத்தில் யாரைக் கேட்டாலும் டோன் அக்கா என்றால்தான் தெரியும். ஏணி உச்சியில் நின்றாலும் சரி, கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒயர் செருகினாலும் சரி, "டோன் வருதா? டோன் வருதா?" என்று கட்டடமே அதிரும்படி கேட்பாள். போனைக் காதில் வைத்ததும் 'ங்' என்று ஒரு ஒலி வருமே, அதுதான் டோன். அது வந்துவிட்டால் அக்காவின் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். பிள்ளை பிறந்து முதல் அழுகையைக் கேட்ட மருத்துவச்சியின் சிரிப்பு.

பதினொரு வருடம் ஒரு பழைய ஹோட்டலில் ஆபரேட்டராக உட்கார்ந்து, அறைகளுக்கு இணைப்புக் கொடுத்தவள் அவள். அந்த ஹோட்டலை இடித்தபோது, அங்கே ஒயரைக் கழற்ற வந்த கம்பெனியிடமே வேலை கேட்டாள். "பொம்பளைங்களை நாங்க ஏணி ஏத்தறதில்லம்மா" என்றார் முதலாளி. "நீங்க ஏத்த வேணாம் சார், நானே ஏறிக்கறேன்" என்றாள். அன்றைக்கு ஏறியவள்தான். ஒன்பது வருடத்தில் பதினாறு ஹோட்டல்களுக்குத் தொலைபேசி போட்டாயிற்று.

ஆனால் பாருங்கள், பதினாறிலும் வேலை இவளுடையது, கையெழுத்து கம்பெனி இன்ஜினியருடையது. வேலை முடிந்த அன்று அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வருவார். ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போடுவார். ஹோட்டல்காரர்களோடு கை குலுக்கி, காபி குடித்துவிட்டுப் போவார். அவரை நாலு வார்த்தை திட்டலாம் என்றால், மனிதர் நல்லவர். அக்காவை அக்கா என்றுதான் கூப்பிடுவார், அவளுடைய குடும்பத்தை விசாரிப்பார். நல்லவர்களைத் திட்ட முடியாமல் போவது ஒரு பெரிய தொந்தரவு.

வீட்டில் நாத்தனார் ஒருத்தி இருக்கிறாள், வாயில் ஊசி வைத்திருப்பவள். "ஏன் அண்ணி, இவ்வளவு உழைக்கறீங்களே, உங்க பேரு எங்கயாவது ஒரு மூலையில வருமா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள். அன்று இரவு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே முதலாளியின் மேசைக்கு முன்னால் போய் நின்று, ஒரு தாளிலாவது தன் கையெழுத்து வர வேண்டும் என்றாள். முதலாளி தலையைச் சொறிந்தார். "சரிம்மா. இந்தப் பதினேழாவது ஹோட்டலை நீயே ஒப்படைச்சுக்கோ. ஆனா ஒண்ணு. தாள்ல குறைகள்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல 'இல்லை'ன்னுதான் வரணும். ஒரு குறை எழுதினாங்கன்னா இன்ஜினியர்தான் வந்து கையெழுத்துப் போடுவாரு. அப்புறம் இந்தப் பேச்சையே நீ எடுக்கக் கூடாது."

"எடுக்க மாட்டேன் சார்" என்றாள் அக்கா.

ஒப்படைக்கும் நாள் வந்தது. அவள் கணவர் தையல்காரர். பேச்சு குறைவு, கேலி அதிகம். முந்தின வாரமே அவளுக்குப் புதுச் சட்டை ஒன்று தைத்து வைத்திருந்தார். "காலரைப் பாத்துப் பேசுவாங்க, கொஞ்சம் நிமிந்து நில்லு" என்றார். "ஒயர் வேலைக்காரிக்குக் காலர் ஒரு கேடா?" என்றாள் அவள். "இன்னைக்கு நீ ஒயர் வேலைக்காரி இல்லையே" என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

புது ஹோட்டல் நாலு மாடி. மாடிக்கு இருபத்து நாலு அறை, எல்லாம் ஒரே வரிசையில். ஒவ்வொரு அறையிலும் இரண்டு போன்கள்: படுக்கையருகே ஒன்று, குளியலறைச் சுவரில் ஒன்று. இரண்டும் ஒரே எண், அழைத்தால் இரண்டும் சேர்ந்து அடிக்கும். எல்லார் கையிலும் செல்போன் இருக்கும் காலத்தில் குளியலறையில் எதற்குப் போன் என்று கேட்பவர்களுக்கு அக்காவிடம் பதில் தயாராக இருக்கும். "வழுக்கி விழறவங்க செல்போனைக் கையில வச்சுக்கிட்டா விழறாங்க?" என்பாள். அது வெறும் பேச்சு இல்லை. ஆபரேட்டராக இருந்தபோது ஒரு நாள் ஓர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. குரலே இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. அவள் அறை எண்ணைப் பார்த்து ஆளை ஓட விட்டாள். குளியலறைத் தரையில் கிடந்த மனிதர் பிழைத்துக்கொண்டார்.

காலை ஒன்பது மணிக்குச் சோதனை தொடங்கியது. ஹோட்டலின் வரவேற்பு மேலாளர் தாளும் பேனாவுமாகக் கூடவே நடந்தார். டை கட்டிய மனிதர், சிரிப்பைச் செலவு செய்ய யோசிப்பவர். கீழே வரவேற்பு மேசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அக்கா படுக்கையருகே இருக்கும் போனில் அவளை அழைப்பாள். அந்தப் பெண் திரையைப் பார்த்து அறை எண்ணைச் சொல்வாள், பிறகு திருப்பி அழைப்பாள். மணி அடித்தால் சரி. அடுத்து குளியலறைப் போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பது. டோன் வந்தால் அதுவும் சரி. மேலாளர் டிக் போடுவார். குளியலறைக்கு டோன் பார்த்தால் போதும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வது. அக்காவும் ஒன்பது வருடமாக அப்படித்தான் செய்து வந்தாள்.

முதல் மாடி முடிந்தது. இரண்டாம் மாடி முடிந்தது. ஒரு பிசகு இல்லை. மேலாளரே ஒரு முறை, "பரவாயில்லையே" என்றார். அக்காவுக்கு உள்ளுக்குள் பூரிப்புத் தாங்கவில்லை. காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாம் மாடியில் 303ஆம் அறை. மேலாளர் ஜன்னல் திரையின் நிறத்தைப் பற்றி யாரிடமோ செல்போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால், அவருக்கு வழிவிட்டு அக்கா குளியலறை வாசலில் நின்றாள். கீழேயிருந்து அழைப்பு வந்தது. படுக்கையருகே போன் அடித்தது. அவளுக்குச் சுருக்கென்றது. பக்கத்தில், காதுக்கு ஒரு முழம் தள்ளி, குளியலறைப் போன் சும்மா இருந்தது. ஆனால் எங்கோ இன்னொரு மணி அடித்தது. மெல்லிசாக, சுவருக்கு அந்தப் பக்கம். பதினொரு வருடம் மணிச் சத்தத்திலேயே கிடந்த காது அது. தப்பாது.

குளியலறைப் போனை எடுத்தாள். ஜம்மென்று டோன் வந்தது. கீழே அழைத்தாள்.

"சொல்லும்மா, நான் எந்த ரூம்லேர்ந்து பேசறேன்?"

"304ங்க" என்றாள் அந்தப் பெண்.

அக்கா அடுத்த அறைக்கு ஓடினாள். அந்தக் குளியலறையிலிருந்து அழைத்தால் கீழே 303 என்று காட்டியது. அதற்கடுத்த இரண்டு அறைகளிலும் அதே கதை.

காரணம் தேட அவள் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. காரணம் அவளேதான். இரண்டு குளியலறைகளுக்கு நடுவில் குழாய்கள் ஏறும் குறுகிய சந்து ஒன்று உண்டு. அதற்குள் ஒரு சின்ன டப்பாவில்தான் இரண்டு அறைகளின் குளியலறை ஒயர்களும் சேரும். சந்தின் கதவைத் திறந்து நின்றால் இடது கைப் பக்கம் சின்ன எண், வலது கைப் பக்கம் பெரிய எண். மற்ற மாடிகளில் எல்லாம் அந்தக் கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு இணைத்திருந்தாள். மூன்றாம் மாடியில் மட்டும் முன்பக்கம் துணி அலமாரி கட்டிவிட்டார்கள், அதனால் சந்தின் கதவு பின்பக்க நடைக்குப் போய்விட்டது. அங்கே போய் நின்றால் இடது வலதாகிவிடும். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று நினைக்காமல், கைப் பழக்கத்தில், பன்னிரண்டு டப்பாவிலும் மாற்றிப் போட்டிருந்தாள். பன்னிரண்டிலும்! அடிப் பாவி, என்று தன்னையே வைதுகொண்டாள்.

மேலாளர் செல்போனை அணைத்துவிட்டு வந்தார். "டோன் வருதுல்ல? டிக் போட்டுரலாமா?"

அந்த ஒரு நொடியை அக்கா பிறகு பல நாள் நினைத்துப் பார்த்தாள். அவருக்கு ஒன்றும் தெரியாது. 'போடுங்க சார்' என்றால் போட்டுவிடுவார். குறைகள் கட்டத்தில் 'இல்லை' என்று வரும். கையெழுத்து அவளுடையதாகும். நாளைக்குச் சத்தமில்லாமல் வந்து பன்னிரண்டு டப்பாவையும் சரி செய்துவிடலாம். நாத்தனாரின் வாயையும் அடைத்துவிடலாம்.

"போடாதீங்க சார்" என்றாள். "இந்த மாடி முழுக்கக் குளியலறைப் போன் பக்கத்து அறையோட மாறியிருக்கு. தப்பு என்னோடது."

மேலாளர் மணியைப் பார்த்தார். "மணி பன்னண்டு ஆகப் போகுதும்மா. நாலு மணிக்கு ஒரு பஸ் நிறைய ஆளுங்க வராங்க. எல்லாம் ரிட்டயரான வாத்தியாருங்க. இந்த மாடிதான் அவங்களுக்கு. பேசறதுக்குப் போன் வேலை செய்யுதுல்ல? இன்னைக்குக் கையெழுத்துப் போடுங்க, நாளைக்கு வந்து மாத்திக்கோங்க."

"சார், சாயங்காலம் 303ல ஒரு பெரியவர் குளிக்கப் போயி விழுந்துட்டாருன்னு வைங்க. போனை எடுப்பாரு, பேச முடியாது. கீழ 304ன்னு காட்டும். உங்க ஆளு ஓடிப் போயி 304 கதவைத் தட்டுவான். உள்ள இருக்கறவர், 'நான் கூப்பிடலையேப்பா'ன்னு சொல்லுவாரு. இவன் திரும்பி வந்துருவான்."

மேலாளர் டையைத் தளர்த்திக்கொண்டார்.

அக்கா அவர் கையிலிருந்த தாளை வாங்கினாள். குறைகள் கட்டத்தில், தன் கையாலேயே, நடந்ததை இரண்டு வரியில் எழுதினாள். பிறகு முதலாளிக்குப் போன் செய்தாள்.

"எழுதிட்டியா?" என்று அலறினார் முதலாளி. "சத்தமில்லாம மாத்திட்டு, எழுதாமலே விட்டிருக்கலாம்ல? உன்னை யாரும்மா அரிச்சந்திரன் வீட்டுல பொறக்கச் சொன்னது?"

"இன்ஜினியரைக் கூட்டிட்டு வாங்க சார். மூணு மணிக்குள்ள நான் முடிச்சிருவேன்."

புதுச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். சந்துக்குள் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். ஒரு டப்பாவுக்குப் பத்து நிமிடம் என்று பன்னிரண்டையும் முடித்தாள். அதோடு விட்டாளா? நாலு மாடியிலும் தொண்ணூற்றாறு குளியலறைகளுக்கும் போய், ஒவ்வொன்றிலிருந்தும் கீழே அழைத்து, எண்ணைச் சொல்லவைத்தாள். அந்தப் பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மேலாளர் ஒவ்வொரு அறையாகக் கூடவே வந்தார். மூன்று மணிக்கு முடிப்பதாகச் சொன்ன வேலை முடியும்போது மூன்றரை. கடைசி அறை வரை எல்லாம் சரி.

கீழே முதலாளியும் இன்ஜினியரும் காத்திருந்தார்கள். அக்கா சுண்ணாம்பும் தூசியுமாக, காலர் ஒரு பக்கம் மடிந்து தொங்க, படி இறங்கி வந்தாள். சொன்ன சொல் சொன்னதுதான் என்று இன்ஜினியருக்குப் பக்கத்தில் போய் ஒதுங்கி நின்றாள். அவர் சங்கடத்தோடு பேனாவை எடுத்தார்.

"இவரு யாரு?" என்றார் மேலாளர்.

"எங்க இன்ஜினியர். இவர்தான் கையெழுத்துப் போடுவாரு" என்றார் முதலாளி.

"இவரு எத்தனை ரூம் பாத்தாரு?"

இன்ஜினியர் முதலாளியைப் பார்த்தார்.

"நான் இந்தத் தொழில்ல இருபத்தஞ்சு வருஷம் இருக்கேன் சார்" என்றார் மேலாளர். "லிஃப்ட், ஏசி, தண்ணி மோட்டார்னு எத்தனையோ ஒப்படைப்புத் தாள் வாங்கியிருக்கேன். குறைகள்ல எல்லாரும் 'இல்லை'ன்னுதான் எழுதறாங்க. அடுத்த வாரமே ஒண்ணொண்ணா வெளியில வரும். தன் தப்பைத் தானே எழுதித் தந்த தாளு இது ஒண்ணுதான். இதுல இந்தம்மா கையெழுத்து இருந்தா வாங்கிக்கறேன். வேற கையெழுத்துன்னா, தொண்ணூத்தாறு ரூமையும் அவரு எனக்கு மறுபடி காட்டணும்."

இன்ஜினியர் பேனாவை அப்படியே அக்காவின் பக்கம் நீட்டினார். நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன் அல்லவா. "போடுங்கக்கா. எனக்கு முட்டி வலி, தொண்ணூத்தாறு ரூம் ஏற முடியாது" என்றார்.

அக்கா முழுப்பெயரையும் எழுதினாள். அப்பா பெயரின் முதலெழுத்து, தன் பெயர், ஒன்றையும் விடவில்லை. மனதில் இருந்ததைச் சொல்ல அவள் வெட்கப்படவும் இல்லை. "இன்னைக்கு எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு சார்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். மேலாளர் கை குலுக்கினார், சிரிக்கவும் செய்தார்.

வெளியே வண்டியருகே வந்ததும் முதலாளி, "இனிமே எல்லா ஒப்படைப்பும் நீதாம்மா" என்றார். "வீட்டுக்குப் போயி ரெண்டு நாள் படுத்து எந்திரி. அடுத்து ஆஸ்பத்திரி வேலை வருது."

அக்கா வண்டியில் ஏறவில்லை. "சார், அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. பழைய பதினாறு ஹோட்டலுக்கும் போகணும். அங்கயும் குளியலறைக்கெல்லாம் நான் டோன் மட்டும்தான் பாத்தேன்."

முதலாளி நெற்றியில் அடித்துக்கொண்டார். "பதினாறா! நீ நல்லாயிருக்கணும் தாயே, என்னை விட்டுரு. அதுல ஒண்ணுலயாவது உன் கையெழுத்து இருக்கா? எல்லாம் இன்ஜினியரோடது. நாளைக்கே ஒண்ணு ஆனாலும் உன்னை யாரும் கேக்க மாட்டாங்க."

"கையெழுத்து அவரோடது சார்" என்றாள் அக்கா. "ஒயர் என்னோடது."

முதலாளி டிரைவரிடம், நாளைக் காலை ஏழு மணிக்கு வண்டியை அக்கா வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னார்.