ஆள் வெளியே போனால் பெருக்கு

புதுச் சாமான் என்றால் எனக்குக் கை பரபரக்கும். இதை ஒரு வியாதி என்று சொல்பவர்கள் எங்கள் வீட்டில் இரண்டு பேர். ஒருத்தி மனைவி, இன்னொருத்தி மகள். வீட்டில் மொத்தமே மூன்று பேர்தான்.

நான் ஒன்றும் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நட்டு, போல்ட்டு சரியாக வந்திருக்கிறதா என்று அளந்து பார்க்கிற வேலை. ஆனால் யாராவது ஒரு வீடியோவில் அட்டைப்பெட்டியைப் பிரித்துக் காட்டினால் போதும், சாப்பாட்டை மறந்து பார்ப்பேன். அப்புறம் அந்தப் பெட்டி எங்கள் கொரட்டூர் வீட்டுக்கு வந்துவிடும்.

குக்கர் விசிலை எண்ணுகிற ஆப் ஒன்றை ஒரு தடவை போனில் இறக்கினேன். மூன்று விசில் ஆனதும் மணி அடிக்கும். அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் பெருமையாக உட்கார்ந்தேன். அது எண்ணிய மூன்றில் இரண்டு, எதிர் வீட்டு விசில். அன்று மதியம் மூன்று பேரும் அரிசியைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டோம். கோபத்தில் இருந்த மனைவிக்கு ஒரு மன்னிப்புச் செய்தி எழுதித் தரச் சொல்லிச் செயற்கை அறிவிடம் கேட்டேன். 'பெருமதிப்பிற்குரிய இல்லத்தரசி அவர்களுக்கு' என்று ஆரம்பித்து அரைப் பக்கம் கொடுத்தது. படித்துப் பார்க்காமல் அனுப்பியது என் தப்பு. அவள் அதை அப்படியே தன் தம்பிக்கு அனுப்பிவிட்டாள். என் மச்சான் ஒரு மாதம் வரைக்கும் என்னைக் கண்ட இடத்திலெல்லாம் கையைக் கூப்பி, "பெருமதிப்பு மாமே, சோறு வெந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இத்தனையிலும் மனைவி திட்டாமல் விட்ட சாமான் ஒன்றே ஒன்று. தரையில் வட்டமாக ஊர்ந்துபோய்த் தானே பெருக்குகிற ரோபோ. அதை நான் ஆசைக்கு வாங்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இடுப்பு எலும்பில் தேய்மானம் வந்து, குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் பள்ளிக்கூட டீச்சர். நாள் பூராவும் நின்றுவிட்டு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். நான் துடைப்பத்தை எடுத்தேன். நான் பெருக்கி முடித்ததும் அவள் மூலையெல்லாம் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்து பெருக்குவாள். இது வேலைக்கு ஆகாது என்று ரோபோவை வாங்கினேன். அதன் இரைச்சல் அவளுக்கு ஆகாது என்பதால், காலையில் கடைசி ஆளாக நான் கிளம்பிப்போன பிறகு அது வேலை செய்கிற மாதிரி ஒரு கட்டளை போட்டு வைத்தேன். என் போன் வீட்டு வைஃபையை விட்டு வெளியே போனால் பெருக்க ஆரம்பிக்க வேண்டும். அவ்வளவுதான். இதை வடிவமைத்த அன்று எனக்கு நானே தோளில் தட்டிக்கொண்டேன்.

இனி மகள் கதைக்கு வருகிறேன். அவள் கூட வேலை செய்கிற பையன் ஒருவனை விரும்பினாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், காட்டுப்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் நண்பர்களோடு தங்கியிருந்தான். நல்ல பிள்ளை. அப்பா இல்லை, அம்மாதான் வளர்த்தார். அந்த அம்மாவுக்குத்தான் இதில் இஷ்டம் இல்லை. மகன் தானாகத் தேடிக்கொண்டான் என்பதில் ஒரு கோபம், மெட்ராஸ் பெண் என்பதில் ஒரு கோபம். பையன் என்னை டீக்கடைக்கு அழைத்துப்போய் நேராகவே சொன்னான். "அம்மா சரின்னு சொல்லாம கல்யாணம் பண்ணிக்க மாட்டேன் அங்கிள். வேற யாரையும் பண்ணிக்கவும் மாட்டேன்." அவனை நினைத்து மதிப்பும் வந்தது, ஒரு அறை விடலாமா என்றும் வந்தது. இதே நிலையில் ஒரு வருஷம் ஓடிவிட்டது. மகள் எங்களிடம் ஒன்றும் சொல்ல மாட்டாள். சாப்பாட்டை மட்டும் பாதியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது இருக்கிறதே, பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

ஒருவழியாக அந்த அம்மா, தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்க்க வருவதாகச் சொன்னார். வியாழக்கிழமையே என் மனைவி என்னை நிற்க வைத்து ஆணை போட்டாள். "நாளைக்கு இந்த வீட்ல உங்க சாமான் ஒண்ணுகூட வாயத் திறக்கக் கூடாது. பேசுற பொட்டி, தானா எரியுற லைட்டு, அந்தப் பெருக்குறது, எல்லாத்தையும் நிறுத்துங்க. இது நம்ம பொண்ணு வாழ்க்கைங்க."

நிறுத்தினேன். சத்தியமாக நிறுத்தினேன். பேசுகிற ஸ்பீக்கரின் வயரையே பிடுங்கிவிட்டேன். ரோபோவின் கால அட்டவணைப் பக்கத்தில் இருந்த எல்லா நேரத்தையும் அழித்தேன். ஆனால் 'ஆள் வெளியே போனால் பெருக்கு' என்ற கட்டளை அந்தப் பக்கத்தில் இல்லை. அது ஆப்பில் வேறு ஒரு மூலையில் இருந்தது. போட்ட நானே அதை மறந்துபோனேன்.

வந்தார்கள். பையனும் கூட வந்திருந்தான். மனைவி விளக்கேற்றி வைத்திருந்தாள். மச்சானும் வெள்ளைச் சட்டையில் வந்து பவ்யமாக நின்றான். கேசரி, பஜ்ஜி, காபி. அந்த அம்மா பஜ்ஜியைத் தொட்டுவிட்டு வைத்துவிட்டார். மகளிடம் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் இன்டர்வியூ கேள்விதான். அவர் அண்ணன் மட்டும் எனக்காக மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், பாவம். அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டார்கள். "ஊருக்குப் போய் தகவல் சொல்லுதோம்" என்றார் அந்த அம்மா. அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று கல்யாண வயதில் பிள்ளை வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். மகள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்கள் தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கார் தெருமுனையில் நின்றது. வழியனுப்ப எல்லாருமே இறங்கி நடந்தோம். மகளும் வந்தாள். கார் பக்கத்தில் நின்று, தோண்டிய பள்ளத்தையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கதவைத் திறந்தபோதுதான் அந்த அம்மா பையைத் துழாவினார்.

"கண்ணாடிக்கூட்ட சோபாவுலயே வச்சிட்டேன் போலுக்கு."

"நான் ஓடிப் போய் எத்துகினு வரேம்மா" என்றான் மச்சான்.

"வேண்டாம்யா. எங்கன வச்சேன்னு எனக்குத்தான் தெரியும். அண்ணாச்சி, நீங்க மட்டும் வாங்க, போதும்."

அவரும் நானும் இரண்டு மாடி ஏறினோம். பூட்டாமல் சாத்திவிட்டுப் போன கதவைத் தள்ளினேன். உள்ளே அது கர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது.

ஒருத்தர் வீட்டை விட்டுப் படி இறங்கியதும் அவர் பின்னாலேயே பெருக்க மாட்டோம். சாவு வீட்டில் எடுத்துக்கொண்டு போன பிறகுதான் அப்படிப் பெருக்குவார்கள். போதாக்குறைக்கு வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரம். அந்த அம்மா உட்கார்ந்திருந்த இடத்தைத்தான் அது குறிப்பாக, அழுத்தி அழுத்திப் பெருக்கிக்கொண்டிருந்தது. அவர் தொட்டுவிட்டு வைத்த பஜ்ஜியிலிருந்து உதிர்ந்த இரண்டு துணுக்கை என் கண் முன்னாலேயே விழுங்கியது.

"என்ன அண்ணாச்சி இது. நாங்க இன்னும் தெருவத் தாண்டல. அதுக்குள்ள பெருக்குதீயளே." அவர் குரல் உயரவே இல்லை. 

போனை எடுத்தேன். ஆப் என்னை யாரென்று தெரியாது என்றது. மறுபடியும் உள்ளே வர ரகசிய எண் கேட்டது. வாங்கும்போது பதிவு செய்தது மனைவியின் நம்பர். அந்த எண் போய்ச் சேர்ந்த போன் தெருமுனையில் அவள் கைப்பையில் இருந்தது. மேலே இருக்கிற பொத்தானை அமுக்கி நிறுத்தலாம் என்று பாய்ந்தேன். சனியன், சோபாவுக்கு அடியில் போய்விட்டது. புது வேட்டியோடு தரையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினேன். எட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தால் என் தலை சரியாக அந்த அம்மாவின் காலடியில் இருக்கிறது.

"கால்ல எல்லாம் விழாதீய. எந்திரிங்க."

நான் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே உளறிக் கொட்டினேன். "வேணும்னு செய்யலம்மா. என் வீட்டுக்காரிக்கு இடுப்பு தேஞ்சுபோச்சு, குனிய முடியாது. அதுக்காக வாங்கினேன். இந்தப் போனோட நான் வெளிய போனா அது தானா பெருக்கும். இன்னைக்கு அத நிறுத்த மறந்துட்டேன். புத்தி கெட்டவன் நான். எம் பொண்ணு மேல தப்பே இல்லம்மா." சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தைந்து வயதில், தரையில் படுத்துக்கொண்டு அழுதேன். இதைச் சொல்ல இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த அம்மா என்னைச் சுற்றிக்கொண்டு போனார். பழைய இடத்திலேயே சோபாவில் உட்கார்ந்து, பக்கத்தில் கிடந்த கண்ணாடிக்கூட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"கொஞ்சம் தண்ணி தாங்க."

கொண்டுவந்தேன். நிதானமாகக் குடித்தார். "இப்ப நான் திரும்பி வந்து உக்காந்து தண்ணியும் குடிச்சாச்சி. முன்ன கெளம்புனது கணக்கில்ல. அதனால நீங்க பெருக்குனதும் கணக்கில்ல. சரியா?"

 வேகமாகத் தலையை ஆட்டினேன். அதற்குள் ரோபோ சோபாவுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, அவர் பாதத்தில் மெதுவாக முட்டி நின்றது. அவர் சட்டென்று இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். அது அந்த இடத்தைப் பெருக்கிவிட்டுத் திரும்பிப் போனது. போகிற அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பொத்தானை அமுக்கினேன்.

"நான் வாக்கப்பட்ட வீட்டுல நாலு ஆம்பளைய" என்றார் திடீரென்று. "முப்பது வருசம் பெருக்குனேன். பேப்பர் படிச்சிட்டு உக்காந்திருப்பாவ. ஒருத்தரும் எனக்குன்னு கால தூக்குனது கெடையாது. நானே அவங்க காலச் சுத்திப் பெருக்கிட்டுப் போவேன்."

நான் எதிரில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

"எம் மவனும் தூக்க மாட்டான் அண்ணாச்சி. நான்தான் பழக்கல. அவன ரொம்பச் செல்லமா வச்சிட்டேன். உங்க வீட்டுக்கு வந்தான்னா நீங்க பழக்கிருவீயளா?"

கேள்வி புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும், "பழக்கிடுறேம்மா, நானே பழக்கிடுறேன்" என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் போனை எடுத்து மகனைக் கூப்பிட்டு, எல்லாரையும் மேலே வரச் சொன்னார்.

என்ன ஆயிற்றோ என்று பயந்துகொண்டே ஏறி வந்தார்கள். மனைவி வாசலில் நின்று, முதலில் தரையில் கிடந்த ரோபோவைப் பார்த்தாள், பிறகு என் வேட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். அந்த அம்மாதான் என்னைக் காப்பாற்றினார். "டீச்சரம்மா, அண்ணாச்சிய ஏசாதீய. பசிக்குது. அந்த பஜ்ஜி இன்னும் இருக்கா?"

பஜ்ஜி ஆறிப்போயிருந்தது. மகள் தோசை ஊற்றினாள். பையன் தட்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அவன் அம்மா, "போய் நீயும் ரெண்டு ஊத்துல" என்று அடுப்படிக்குத் துரத்தினார். அவன் ஊற்றியது எந்த வடிவத்தில் வந்தது என்று சொன்னால் நாளைக்கு அவன் என்னோடு சண்டைக்கு வருவான். மச்சான் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "இன்னா மாமே, இன்னா மந்திரம் போட்ட?" என்று கேட்டான். கால்ல விழுந்தேன் என்றேன். அவன் நம்பவில்லை.

மறுபடியும் எல்லாரும் தெருமுனை வரைக்கும் நடந்தோம். இந்த முறை பேச்சு நிற்கவில்லை. வளைகாப்பு வரைக்கும் போய்விட்டார்கள். பள்ளத்துக்குப் பக்கத்தில் அந்த அம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்து வாங்க, மெல்ல வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருவரும் நடந்தார்கள். நான் பத்தடி பின்னால் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். அந்தக் கட்டளையை இன்னும் அழிக்கவில்லை என்பது பாதி தெருவில்தான் எனக்கு உறைத்தது. மனைவியிடம் ரகசிய எண்ணைக் கேட்கலாமா என்று யோசித்தேன். அப்போது கேட்டிருந்தால் என்னைப் பள்ளத்தில் தள்ளியிருப்பாள்.

கார் கிளம்பி இரண்டடி போய் நின்றது. கண்ணாடி இறங்கியது.  அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் தள்ளி நின்ற என் மகளைக் கூப்பிட்டார்.

"ஏளா மருமகளே. நாங்க ஊர் போய்ச் சேருத வரைக்கும் உங்க அப்பா கையில அந்தப் போனக் குடுக்காத, என்ன?"

மகள் என்னிடம் வந்து கையை நீட்டினாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். போனை அவள் கையில் கொடுத்துவிட்டேன்.