வெள்ளை பேண்ட் விளம்பரம்

சீரியலைவிட எனக்கு விளம்பரம்தான் பிடிக்கும். அரை நிமிஷத்துக்குள் ஒரு கல்யாணம், ஒரு சண்டை, ஒரு சமாதானம் எல்லாம் முடிந்துவிடும். என்ன மூளை இவர்களுக்கு என்று வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான், இராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் யூனிட்டுக்கு விளம்பரம் எடுக்க வருகிறார்கள் என்றதும், இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

எங்களிடம் பஞ்சு வாங்குகிற நாப்கின் கம்பெனியின் விளம்பரம் அது. மாதவிடாய் நாளிலும் கவலையில்லாமல் வேலைக்கு வருகிற பெண்ணாக ஒரு நடிகை ஆடி வருவாள். நாங்கள் பின்னால் நின்று கைதட்ட வேண்டும். "வெட்கம் எதுக்கு, வாய்விட்டுச் சொல்லு" என்பது வசனம். நடிகைக்கு வெள்ளை பேண்ட். பேண்டேஜ் யூனிட்டில் எந்த மகராசி வெள்ளை பேண்ட் போட்டு வேலை பார்க்கிறாள்? நாப்கினில் ஊற்றிக் காட்ட நீலத் தண்ணீர் வேறு கலக்கி வைத்திருந்தார்கள்.

"எந்தப் பொம்பளைக்கு சார் நீலமா வருது?" என்று கேட்டேன்.

டைரக்டர் சிரித்தார். "குடும்பத்தோட பார்ப்பாங்கம்மா. சிவப்பா காட்டினா முகம் சுளிப்பாங்க."

பெண்களுக்கு அங்கே ஒரே ஒரு கழிப்பறை. அதன் முன்னால் உடை மாற்றும் அறை. இரண்டுக்கும் ஒரே கதவு. அன்றைக்கு அதை நடிகையின் மேக்கப் ரூமாக்கி, வாசலில் ஓர் ஆளையும் நிறுத்திவிட்டார்கள். ஷூட்டிங் முடிகிறவரை கேட்டைத் தாண்டவும் யாருக்கும் அனுமதி இல்லை.

பதினொரு மணி இருக்கும். பக்கத்தில் நின்ற மதினி என் கையைப் பிடித்தாள். சொந்த மதினி இல்லை. மம்சாபுரத்திலிருந்து வருகிறவள், பல வருஷமாக ஒரே டேபிளில் பேண்டேஜ் சுற்றுகிறோம். மாதவிடாய் நிற்கப் போகிற வயது அவளுக்கு. வந்தால் தேதியும் கிடையாது, அளவும் கிடையாது.

"ஏட்டி, வந்துருச்சு. நிக்காமப் போகுது. உடனே மாத்தணும்."

கதவைத் தட்டினேன். "மேடம் ரெடியாகுறாங்க, பத்து நிமிஷம்" என்றான் வாசலில் நின்றவன். பத்து நிமிஷம் கழித்துப் போனாலும் அதே பத்து நிமிஷம். சூப்பர்வைசரிடம் ஓடினேன்.

"செத்த நேரம் பொறுக்க முடியாதா? அப்படி என்ன அவசரம்?" என்றார்.

சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். மதினி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "சொல்லாதட்டி, ஆம்பளைக நிக்காக."

"அவுகளுக்கு வயித்து வலி சார்" என்றேன். அந்தப் பொய்க்காக இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன். சுற்றிலும் மூட்டை மூட்டையாகப் பஞ்சு கிடந்தது. மாற்றிக்கொள்ள ஒரு மறைவிடம்தான் இல்லை.

கடைசியில் மதினியின் சேலையில் தெரிந்துவிட்டது. கேமராக்காரன் டைரக்டர் காதில் ஏதோ சொன்னான். அவர் மைக்கிலேயே சொன்னார்: "அந்த அம்மாவை ஃபிரேமைவிட்டு வெளிய அனுப்புங்க."

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மதினி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"எதுக்கு வெட்கப்படக் கூடாதுன்னு படம் எடுக்கீகளோ, அதுதான் சார் அவுகளுக்கு வந்திருக்கு! கதவத் திறங்க!"

"ஆம்பளைங்க முன்னாடி என்ன பேச்சு இது? அசிங்கமா இல்ல?" என்று சூப்பர்வைசர் என்னைத்தான் அதட்டினார். எங்கள் இரண்டு பேரையும் கேட்டைத் திறந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பையில் இருந்த என் துண்டை மதினியின் இடுப்பில் சுற்றிவிட்டேன். மம்சாபுரம் பஸ்ஸில் இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை.

விளம்பரம் வந்துவிட்டது. நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள், வயிற்றெரிச்சலே அதுதான். அதில் வருகிற பாட்டை என் மகளே முணுமுணுக்கிறாள். துணிச்சலான விளம்பரம் என்று போனில் ஊரெல்லாம் அனுப்பிக்கொள்கிறார்கள். முதல் காட்சியே எங்கள் யூனிட்தான். அந்தக் கதவை ஒரே தள்ளில் படாரென்று திறந்துகொண்டு, வெள்ளை பேண்ட்டில் ஆடியபடி வெளியே வருகிறாள் அந்தப் பெண்.