தனபால் சாரின் மூன்றாவது திரை

தனபால் சார் இறந்த செய்தி நம் பழைய பேக்கிங் பிரிவு வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்குக் கிடைத்தது. "இன்று காலை 7.40 மணிக்கு மாரடைப்பு. மூக்கண்டப்பள்ளி வீட்டில் உடல்" என்று யாரோ போட்டிருந்தார்கள். அதன் கீழே ஒருவர், "நம்ம கடிகாரப்படியா, அவரு கடிகாரப்படியா?" என்று எழுதி, உடனே அழித்தும் விட்டார். அதற்குள் பலர் பார்த்துவிட்டோம். யாரும் கடிந்துகொள்ளவில்லை.

அவரைப் பற்றி நான்கு வரி எழுதித் தரச் சொன்னார்கள். "நீங்கதான் மேடம் அவருக்குப் பிடிச்ச ஆளு" என்றார்கள். அது உண்மை. எதனால் பிடித்தது என்பதை எழுதுகிறேன். வேறு எதை எழுதினாலும் பொய் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். பெயிண்ட் அடித்த பாகங்களில் கீறல் விழக்கூடாது என்பதால் வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எதுவும் நம் பேக்கிங் கூடத்துக்குள் வரக்கூடாது. கைப்பேசி வாசலிலேயே பூட்டிவிட வேண்டும். நிரந்தரத் தொழிலாளர்கள் வாசல் இயந்திரத்தில் விரல் வைத்துவிட்டுப் போவார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் மட்டும் பிரிவுத் தலைவரான தனபால் சார் மேசையில் இருக்கும் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அந்த மேசையில் மூன்று திரைகள். இரண்டு அவரைப் பார்த்திருக்கும். மூன்றாவதைக் கதவைப் பார்க்கத் திருப்பி, அதில் பெரிய எண்களில் ஓடும் ஒரு கடிகார மென்பொருளை வைத்திருந்தார். கூடத்தில் மணி என்றால் அதுதான்.

எட்டு மணி தாண்டி வருபவர் அந்தத் திரையின் முன் நின்று மணியை உரக்கப் படிக்க வேண்டும். தனக்கு வராத மொழியில் படிக்க வேண்டும். திருநெல்வேலிக்காரர் கன்னடத்தில், மாலூர்க்காரர் தமிழில். யார் எந்த மொழியில் தடுமாறுவார் என்பது அவருக்கு மனப்பாடம். ஒருமுறை சங்கரன்கோவில்காரர் ஒருவர் எட்டு மணியைக் கன்னடத்தில் "எண்டு கண்டே…" என்று தொடங்கி நின்றுவிட, "கண்டே கண்டேங்கிறியே, எதைய்யா கண்ட? உன் பொழப்பையா?" என்றார். நாம் சிரித்தோம். நானும்தான். படித்து முடித்ததும் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே சிவப்புப் புள்ளி வைப்பார். மாதத்தில் மூன்று புள்ளி விழுந்தவரை அன்றே திருப்பி அனுப்பி, இனி வேண்டாம் என்று ஒப்பந்தக்காரரிடம் சொல்லிவிடுவார்.

பக்கத்துத் தொழிற்சாலையில் எட்டு மணிக்குச் சங்கு ஊதும். அது நம் திரையில் 8.05 ஆகும்போதுதான் கேட்கும். "அவனுங்க சங்குகூட லேட்டுய்யா. அவனுங்ககிட்ட எவன் சரக்கு வாங்குறான்?" என்பார். நாமும் அதை நம்பினோம். டீக்கடையில் அந்தத் தொழிற்சாலைக்காரர்களைப் பார்த்தால் "என்னப்பா, உங்க ஊர்ல விடிஞ்சிருச்சா?" என்று கேலி செய்தோம். அலுவலகக் கணினிகளின் மூலையில் வேறொரு மணி ஓடிக்கொண்டுதான் இருந்தது. குளிரூட்டிய அறைக்குள் சங்கு கேட்காது. ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் அவரே தாமதமாக வந்தார். பாலத்தடியில் லாரிகள் சிக்கிக்கொண்டன என்றார். திரையில் 8.02. நேராக அதன் முன்னால் போய் நின்று, தனக்கு வராத இந்தியில் தட்டுத்தடுமாறிப் படித்தார். கூடம் அமைதியாக இருந்தது. "சிரிங்கய்யா. இன்னிக்கு நீங்க சிரிக்கலேன்னா நாளைக்கு நான் எப்படிச் சிரிக்கிறது?" என்றார். பதிவேட்டில் தன் பெயரை எழுதிச் சிவப்புப் புள்ளியும் வைத்தார். அவருடைய நேர்மைக்குச் சான்றாக இதை வெளியாட்கள் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் அப்போது கணினிப் பராமரிப்பில் இருந்தேன். பிள்ளைகள் வளரும்வரை வீட்டிலிருந்துவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் வேலைக்குத் திரும்பியவள். நானும் ஒப்பந்த ஊழியர்தான். மேசையும் நாற்காலியும் இருந்ததால் யாருக்கும் அது நினைவிருக்காது. என்னை நிரந்தரமாக்கும் கோப்பில் எல்லாப் பிரிவுத் தலைவர்களும் கருத்து எழுதிவிட்டார்கள். தனபால் சார் மட்டும் எழுதவில்லை.

அந்த நேரத்தில் மூன்றாவது திரையிலிருந்து கடிகாரம் காணாமல் போனது. மூன்று நாட்கள் கூடத்தில் மணி இல்லை. அந்த நாட்களில் யாரும் எதையும் படிக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை, பேக்கிங்கில் இருந்த ரத்னம்மா என்னைத் தண்ணீர்க் குழாய் அருகே பிடித்துக்கொண்டார். சூளகிரிப் பக்கத்துக் கிராமம். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், சந்தையில் கன்னடம் பேசுபவர்.

"மேடம், அந்தக் கடிகாரத்தைச் சரி பண்ணப் போறீங்களாமே?"

"நாளைக்குக் காலையில பாக்கச் சொல்லியிருக்காரு."

"அது கெட்டே கெடக்கட்டும் மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போவும். எனக்கு இந்த மாசம் ரெண்டு புள்ளி ஆயிப்போச்சு. இன்னொண்ணு விழுந்தா வூட்டுக்குத்தான்." பிறகு அவரே சிரித்து, "சும்மா சொன்னேன். நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றார்.

மறுநாள் எட்டு மணிக்கு முன்பே தனபால் சார் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது, திரையில்தான் எதுவும் இல்லை. மேசையைத் துடைத்தவர்கள் கம்பிகளைக் கழற்றி மாற்றிச் சொருகியிருந்தார்கள். கணினி திரைகளுக்கு வேறு வரிசை போட்டுவிட்டது. கடிகாரமோ தன் பழைய இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, எந்தத் திரையும் இல்லாத ஓர் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அமைப்புகளில் மூன்று கட்டங்களையும் மேசையில் இருப்பதுபோல் இழுத்து வைத்தேன். கடிகாரம் பாதி வெட்டுப்பட்டு வந்தது. மூன்றாவது திரைக்கு மட்டும் எழுத்தளவு வேறாக இருந்தது. அதையும் சமமாக்கினேன். முழுதாக வந்துவிட்டது.

இனி நகராமல் பூட்டிவிடலாம் என்று கடிகாரத்தின் சொந்த அமைப்புகளைத் திறந்தேன். ஒவ்வொரு திரைக்கும் தனிப் பக்கம். முதல் இரண்டிலும் 'கூடுதல் நிமிடம்' என்ற இடத்தில் பூஜ்யம். மூன்றாவதில் ஐந்து.

கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். அழிக்கப் போனேன். அப்போது ரத்னம்மா வந்து நின்றார். மூச்சு வாங்கியது. என் முன்னால் இருந்த திரையில் 7.58. அவர் முன்னால் இருந்த திரையில் 8.03.

"வாம்மா மகாராணி," என்றார் தனபால் சார், எனக்குப் பின்னால் நின்றபடி. "நேரமே இல்லாம மூணு நாள் ராஜ்ஜியம் நடத்துனீங்க. இன்னிக்கு இங்கிலீஷ்ல படி."

"எய்ட்டு… எய்ட்டு…" என்றார் ரத்னம்மா. மூன்றுக்கு ஆங்கிலம் வரவில்லை. மூன்று விரலைக் காட்டினார்.

"சந்தையில மூணு புளியங்கா கேக்குறா பாருங்கய்யா."

கூடம் சிரித்தது. என் விரல் மவுஸின் மேல் இருந்தது. ஒரே ஒரு சொடுக்கு. எல்லோர் கண் முன்னாலும் அது 7.58 ஆகியிருக்கும். தனபால் சார் குனிந்து, திறந்திருந்த அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு சார்" என்றேன்.

ஐந்தை ஐந்தாகவே விட்டுப் பக்கத்தை மூடினேன். அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். ரத்னம்மா வாசலுக்குத் திரும்பி நடக்கும்போது பக்கத்துத் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. "இவனுங்க இப்பத்தான் எந்திரிக்கிறானுங்க" என்று யாரோ சொன்னார்கள். அதற்கும் சிரித்தார்கள். தனபால் சார் தாமதமாக வந்த நாளில் உண்மையில் மூன்று நிமிடம் முன்னதாகவே வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த வாரமே என் கோப்பில் கருத்து எழுதிவிட்டார். "நம்பகமானவர். சொன்ன வேலையை மட்டும் செய்வார்."

அவர் ஓய்வு பெற்ற நாளில், மாலையோடு நின்றவரிடம் கேட்டேன். "சார், அந்த அஞ்சு நிமிஷம்…"

"பஸ்ல வர்றதுங்க ஓடி வரட்டும்னு வெச்சது. வெச்சு எத்தனையோ வருஷம், எனக்கே மறந்துபோச்சுன்னுகூட வெச்சுக்கலாம்." ஒரு துண்டு கேக்கை எடுத்து என் கையில் கொடுத்தார். "ஆனா நீங்க அன்னிக்குத்தானேம்மா புதுசாப் பார்த்தீங்க?"

ரத்னம்மாவைச் சில மாதங்களுக்கு முன் பாகலூர் சாலையில் பார்த்தேன். ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டுகிறார். முள் கிழித்த கையை முந்தானையில் மறைத்துக்கொண்டு என்னை நலம் விசாரித்தார். "என் மேலதான் தப்பு மேடம். அன்னிக்கு ஒரு அஞ்சு நிமிஷம் முன்னால கெளம்பியிருந்தா இன்னிக்கு நானும் உள்ளேதான் இருந்திருப்பேன்" என்றார். நான் சொல்லியிருக்கலாம். "விடுங்க ரத்னம்மா, நடந்தது நடந்துபோச்சு" என்றேன்.

அவர் இந்தக் குழுவில் இல்லை. அவருடைய எண் யாரிடமாவது இருந்தால் இதை அனுப்பிவிடாதீர்கள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இப்போது அனுப்புங்கள் என்கிறேன்.

நேற்று போய் மாலை போட்டேன். ஒவ்வொருவரும் அவரிடமிருந்து தாங்கள் எடுத்துக்கொண்டதைச் சொன்னார்கள்: ஒழுங்கு, கண்டிப்பு, நேரம். நான் வைத்திருப்பது ரத்னம்மாவை வெளியே அனுப்பிய வாரத்தில் அவர் எனக்குத் தந்த நிரந்தர வேலை. இன்று காலையும் அதற்குத்தான் வந்தேன்.