கடைசியாக வந்தவருக்கு முதல் இடம்

ஸ்டுட்கார்ட் டிப்போவில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றபோதுதான் மாலா அக்காவின் அழைப்பு வந்தது. "தம்பி, அவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் என்ன என்று கேட்டார்கள். கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அவர் கணவர் தயா அண்ணையை உங்களில் பலர் பஸ் ஓட்டியவராக அறிவீர்கள். கூடவே ஓட்டிய எனக்கு அவர், ஆவணி தோறும் என்னைப் பின்லாந்தின் வடக்குக்கு இழுத்துப்போன விசரர். சனம் லீவுக்கு ஊருக்குப் போகும். நாங்கள் நுளம்புக்கடி வாங்கப் போவோம். அங்கே நாள் முழுக்க நடந்தால் காட்டுக்குள் ஒரு மரக்குடில் வரும். பூட்டில்லை, வாடகையில்லை, யாரும் தங்கலாம்.

முதல் பயணத்தில், கதவு யன்னல் சாத்திய குடிலுக்குள் பருப்புக்குச் செத்தல் மிளகாய் தாளித்தார் மனுசன். ஐயோ! உள்ளே படுத்திருந்த வெள்ளைக்காரர் எல்லோரும் இருமிக்கொண்டு வெளியே பாய்ந்தார்கள். அண்ணை கண்ணீரும் மூக்குமாக வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். பிறகு அவர்களுக்கும் சோறு போட்டார். இருமியவர்களே மறுசோறும் கேட்டார்கள்.

அந்தக் குடில்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இடம் போதாவிட்டால், முதலில் வந்து இளைப்பாறியவர் எழுந்து, கடைசியாக வந்தவருக்கு இடம் விடவேண்டும். ஒருமுறை நல்ல மழை. நாங்கள் படுத்து உடம்பு சூடேறும் நேரம், ஒரு குடும்பம் தெப்பமாக நனைந்து வந்தது. அண்ணை உடனே பாயைச் சுருட்டினார்.

"உங்களுக்கென்ன விசரே? வெளியிலை மழை கொட்டுது!" என்று கத்தினேன்.

"நான் ஜெர்மனிக்கு வந்து இறங்கேக்கை ஆரோ ஒருத்தன் எழும்பித்தானே எனக்குக் கட்டில் தந்தவன். எழும்படாப்பா."

வெளியே, நாங்கள் கொண்டுபோன சின்னக் கூடாரத்தை மழைக்குள் அடித்து, அதற்குள் விடியும்வரை அவரைத் திட்டிக்கொண்டே கிடந்தேன். அவர் குறட்டை விட்டார்.

வெளிக்கிடும் காலையில் நான் சப்பாத்துக் கட்ட, அவர் கோடரி தேடுவார். "நனைஞ்சு வாறவனை விறகு வெட்ட விடக்கூடாது" என்பார். போன ஆவணியில் அவருக்குக் கோடரி தூக்க ஏலவில்லை. நான் வெட்ட, அவர் அடுக்கினார். புற்றுநோய் என்று அப்போதே அவருக்குத் தெரியும். எனக்குச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அவருக்கு யன்னலோரக் கட்டில். "இந்த ஆவணிக்கும் ரெண்டு பேருக்கும் லீவு கேட்டாச்சு, எழும்பி வாங்கோ" என்று போகும்போதெல்லாம் சொன்னேன். கடைசியாகப் போனபோது அவர் சுவரோரம் கிடந்தார். புதிதாக வந்த நோயாளிக்கு யன்னலைக் கொடுத்துவிட்டாராம். எனக்குப் பொல்லாத கோபம்.

"அவர் இப்பதானே வந்தவர்," என்றார் அண்ணை. "நான் இளைப்பாறியாச்சு."

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது விறகு வெட்டும் பழக்கம்தான். ஆவணியில் தனியாகப் போவேன். அடுத்து வருபவருக்கு வெட்டி அடுக்கிவிட்டுத்தான் கதவைச் சாத்துவேன். ஆனால் நீங்கள் செய்ததை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன், அண்ணை. இங்கே இன்னும் இடம் இருந்தது. நீங்கள் எழும்பியிருக்கத் தேவையில்லை.